கீமோ தொடங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி

ஜும்ஆ பயான் – கோவிலூர், காரைக்குடி

 

 

பள்ளியில் நாம் வழக்கமாகப் பேசாத ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். சிலருக்குக் கூச்சமாக இருக்கும். பேசாமல் விட்டதால் ஒரு குடும்பம் படும் வேதனையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சென்ற மாதம் அஸருக்குப் பின் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மஞ்சள் பையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். மகளுக்கு 19 வயதில் இரத்தப் புற்றுநோய், லுக்கீமியா. கீமோ கொடுத்தார்கள். பிறகு அண்ணனுடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து மாற்று சிகிச்சை செய்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் நான்கு வருடமாக நோய் இல்லை. இப்போது பெண் கேட்டு வருகிறார்கள். ஆனால் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. சினைப்பையில் முட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "ஹஜ்ரத், டாக்டரும் சொல்லலை, நானும் கேட்கலை. கேட்க வெட்கமா இருந்துச்சு. உயிர் தப்பினா போதும்னு இருந்தோம்" என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

அந்த அத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர்தான் முதலில். ஆனால் கேட்டிருந்தால் ஒரு வழி இருந்திருக்கலாம்.

பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. பருவமடையும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். புதிதாக ஊறுவதில்லை. கீமோ மருந்துகளில் சில அந்த இருப்பைக் கரைக்கின்றன. எல்லா லுக்கீமியா சிகிச்சையும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. கீமோவோடு முடிந்த பல பெண்கள் பின்னால் தாயாகியிருக்கிறார்கள். மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் மருந்தும், உடல் முழுவதும் பாய்ச்சும் கதிர்வீச்சும்தான் பெரும்பாலும் சினைப்பையை முடக்கிவிடுகின்றன. ஆகவே "மஜ்ஜை மாற்று தேவைப்படுமா?" என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

வழி என்ன? ஊசி போட்டு முட்டைகளை வளரவைத்து, எடுத்து, உறையவைப்பது. இதற்கு இரண்டு வாரம் வேண்டும். மாதவிடாயின் எந்த நாளிலும் தொடங்கலாம். ஆனால் தீவிர லுக்கீமியா இரண்டு வாரம் காத்திருக்காது. பல நேரம் சில நாட்களுக்குள் கீமோ தொடங்கியாக வேண்டும். பிளேட்லெட் குறைந்த உடம்பில் முட்டை எடுக்கும் ஊசி இரத்தப்போக்கையும் கிருமித் தொற்றையும் கொண்டுவரும். அந்த நிலையில் மருத்துவர் "முடியாது" என்றால் அவரோடு வாதாடாதீர்கள். முட்டைக்காக கீமோவைத் தள்ளிப் போடச் சொல்லாதீர்கள்.

ஆனால் கதவு அத்தோடு மூடிவிடுவதில்லை. முதல் சுற்று கீமோவில் நோய் அடங்கிய பிறகு, மஜ்ஜை மாற்றுக்கு முன் சிலருக்கு ஓர் இடைவெளி கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கக்கூடும். புதிதாக மருந்து பட்ட முட்டைகளில் பாதிப்பு இருக்கலாம் என்பதால் எப்போது எடுப்பது என்பதை இரத்தநோய் மருத்துவரும் கருத்தரிப்பு மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அந்த இருவரையும் பேசவைப்பது குடும்பத்தின் வேலை.

துபாய்ப் பெண் ஒருவரின் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி சிலர் என்னிடம் கேட்டார்கள். தலசீமியா நோயாளி. 2001இல், 9 வயதில், மஜ்ஜை மாற்றுக்கு முன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அவருடைய ஒரு சினைப்பையை எடுத்து உறையவைத்தார்கள். பெரியவரான பின் அதன் திசுவை உடலில் திரும்ப வைத்தார்கள். 2016 டிசம்பரில் இலண்டனில் ஆண் குழந்தை பெற்றார். ஸுப்ஹானல்லாஹ். ஆனால் தலசீமியா புற்றுநோய் அல்ல. லுக்கீமியாவில் அந்தத் திசுவுக்குள்ளேயே நோய்ச் செல்கள் ஒளிந்திருக்கலாம். திரும்ப வைத்தால் நோயையும் சேர்த்து வைத்ததாகிவிடும். அதனால் லுக்கீமியா நோயாளிகளுக்கு அதைத் திரும்ப வைக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

நாள்பட்ட லுக்கீமியாவுக்கு இமாட்டினிப் போன்ற மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் உண்டு. அந்த மாத்திரையோடு கருத்தரிக்கக் கூடாது, சிசுவைப் பாதிக்கும். பிள்ளை ஆசையில் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

இனி மார்க்கச் சட்டம். மருத்துவம் செய்யலாமா என்று கிராமத்து மக்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் செய்யச் சொன்னார்கள். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, திருமணம் நிலைத்திருக்கும்போது கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டும் சேரும் சோதனைக்குழாய் முறையைத் தேவைக்கு அனுமதித்தது. மூன்றாம் நபரின் விந்து, முட்டை, கருப்பை எல்லாம் கூடாது. 1990இல் ஜித்தாவில், கருவுறாத முட்டைகளைப் பாதுகாத்து வைக்க முடிவதால் தேவையான எண்ணிக்கையை மட்டும் ஒவ்வொரு முறையும் கருவுறச் செய்யுங்கள் என்று முடிவு செய்தது. ஆகவே கல்யாணமாகாத பிள்ளை தன் முட்டையை வைத்து, நிக்காஹ்வுக்குப் பின் தன் கணவனோடு மட்டும் பயன்படுத்துவதில் தடையைக் காண முடியவில்லை. கணவன் மனைவி சேர்த்து வைத்த கருவை, மவ்த்தோ தலாக்கோ நேர்ந்த பிறகு பயன்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போதே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். பெயர் மாறாமல், கலந்துவிடாமல் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சேவையை 21 வயதுக்கு மேல் 50க்குள் என்று வரையறுக்கிறது. கருவைச் சேமிக்க 10 ஆண்டு என்கிறது. 21க்கு உட்பட்ட பிள்ளை என்றால் மருத்துவமனையில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

"கன்னிப் பிள்ளைக்கு இப்படிப் பரிசோதனையா?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. வயிற்றின் மேலாகவே ஸ்கேன் பார்க்கலாம். முட்டையையும் அந்த வழியாக எடுக்கச் சிலருக்கு முடியும். பெண் மருத்துவரைக் கேளுங்கள். சிகிச்சைக்கான அவசியத்தில் செய்வதில் அந்தப் பிள்ளையின் மானத்துக்கு ஒரு குறையும் இல்லை. செலவு பெரிது; ஜகாத்துக்குத் தகுதியான குடும்பமென்றால் ஜகாத் பணம் கொடுத்து உதவுங்கள்.

பெண் பேசும்போது மறைக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கேட்டவர்கள் அதை ஊரெல்லாம் பரப்பினால் அது அமானிதத்துக்குச் செய்த மோசடி. ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் உம்மு அப்துல்லாஹ் என்று அழைக்கப்பட்டார்கள். உம்மத் முழுவதும் அவர்களிடம் கல்வி கற்றது. பிள்ளை இல்லாத பெண்ணை "மலடி" என்று கூப்பிடும் வாய்கள் இந்த மஹல்லாவிலும் இருக்கின்றன. அவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த அத்தா இன்று இங்கே வந்திருக்கிறார். தன் மகளுக்காக துஆ கேட்டார், செய்யுங்கள். இரண்டு பிள்ளைகளோடு மனைவியை இழந்த ஒருவர் வீட்டிலிருந்து பெண் கேட்டிருக்கிறார்களாம். எல்லாம் சொல்லியாகிவிட்டது, பிள்ளை யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அவசரப்படுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.