வெள்ளைத் துணி

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்று ஒரு காட்டு மாவட்டம். அங்கே கோண்டு பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். நகரத்தில் அரசு மருத்துவமனை இருந்தது. ஆனாலும் பலர் அங்கே போகத் தயங்கினார்கள். ஏன்?

1986-இல் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி அங்கு வந்தார்கள். காரணத்தை மக்களிடமே கேட்டார்கள்.

பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது என்றார்கள். உடன் வந்தவரைத் தங்க விடுவதில்லை என்றார்கள். டாக்டரும் நர்சும் வெள்ளைத் துணி உடுத்துகிறார்கள். பிணத்துக்குப் போர்த்துவதும் வெள்ளைத் துணிதான். பிணம்போல் உடுத்தியவர் உயிரை எப்படிக் காப்பார்?

நியாயமான கேள்விதானே!

பிறகு மக்கள் சொன்னபடியே மருத்துவமனை எழுந்தது. குடிசை குடிசையாக வார்டுகள். நோயாளியோடு உறவினரும் தங்கலாம். மக்கள் கும்பிடும் தந்தேஸ்வரி அம்மன் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

நோயாளிகள் வரத் தொடங்கினார்கள்.