கோ கெர் காட்டுக்கு ஒரு நாள் பயணம்: பையில் வைக்க வேண்டியவை

முன்னுரை

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. காட்டுக்குள் போகும்போதும் அளந்துதான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கழக நண்பர்களும் முன்னாள் மாணவர்களுமாகப் பதினொரு பேர் கம்போடியா சென்றிருந்தோம். அங்கோர் வாட்டைப் பார்த்து முடித்தபின், ஒரு நாள் கோ கெர் சென்று வருவதென முடிவாயிற்று. உணவும் தண்ணீரும் என் பொறுப்பு. அப்பொறுப்பில் நான் செய்த தவற்றை மறைக்காமல் சொல்லி, இத்தகைய பயணத்திற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

இடத்தை அறிதல்

கோ கெர், சியெம் ரீப் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கி.பி. 928 முதல் 944 வரை, நான்காம் ஜெயவர்மன் காலத்திலும் அவருக்குப் பின்னரும், இது கெமர் பேரரசின் தலைநகராக விளங்கியது. ஏழு அடுக்குகளுடன் ஏறத்தாழ 36 மீட்டர் உயரத்திற்கு எழும் பிரசாத் தோம் என்ற பிரமிடுக் கோயில் இங்குதான் இருக்கிறது. 2023-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. கல்வெட்டுகளில் காணப்படும் பழைய கெமர் எழுத்து, பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. ஆகவே தமிழ் மாணவர்களாகிய நமக்கு இது முற்றிலும் அந்நியமான இடமன்று.

பிரசாத் தோம் அருகே சில கடைகள் உண்டு. மற்றக் கோயில்களோ காட்டுக்குள் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் பக்கத்தில் கடையும் இல்லை, குடிநீரும் இல்லை. இதை நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

நான் போட்ட தப்புக் கணக்கு

அரை லிட்டர் போத்தல் 24 வாங்கினேன். மொத்தம் 12 லிட்டர். ஆளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றே அதிகம். சுமை குறையும் என்பதே அப்போது என் எண்ணம். காலையில் பிரமிடின் பக்கவாட்டில் உள்ள மரப்படிகளில் ஏறி இறங்கியதும் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. "போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லி எல்லாரையும் வேனில் ஏற்றினேன். மூன்றாவது கோயிலை அடைந்தபோது நண்பகல். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, தலை சுத்துது" என்றாள். முகம் வெளுத்திருந்தது, கை சில்லிட்டிருந்தது. பையைத் துழாவினேன். வெற்றுப் போத்தல்களே கைக்குக் கிடைத்தன.

எங்களுடன் வந்திருந்த முன்னாள் மாணவியான அக்கா ஒருவர்தான் நிலைமையைக் கையில் எடுத்தார். அவளை நிழலில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினார். சட்டைக் கழுத்தைத் தளர்த்தினார். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து விசிறச் சொன்னார். வேன் ஓட்டுநர் தம் பனிப்பெட்டியிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் கொடுத்தார். அக்கா தம் பையிலிருந்த உப்பு-சர்க்கரைப் பொடியை அதில் கலந்து சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தார். முக்கால் மணி நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, கேமராவுக்கு மூணு பேட்டரி கொண்டு வந்திருக்கே. தண்ணிக்கு மட்டும் கணக்குப் பாத்தியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பையில் இருக்க வேண்டியவை

1. தண்ணீர்: ஏப்ரல் வெயிலில் ஒரு நாளுக்கு ஆளுக்கு 3 லிட்டர் எனக் கணக்கிடுங்கள். பதினொரு பேருக்கு 33 லிட்டர். ஒன்றரை லிட்டர் போத்தல் பன்னிரண்டு கொண்ட பெட்டி இரண்டு வாங்கினால் 36 லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அனைத்தையும் சுமக்க இயலாது. எனவே ஆளுக்கு ஒரு லிட்டர் கையிலும் எஞ்சியது வேனிலும் இருக்கட்டும். ஒவ்வொரு கோயிலிலிருந்து திரும்பும்போதும் போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

2. உப்பு-சர்க்கரைப் பொடி: வியர்வையில் நீரோடு உப்பும் வெளியேறுகிறது. சர்க்கரை, குடல் உப்பை ஈர்த்துக்கொள்ள உதவுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் உடலில் சேர்கிறது. பொட்டலம் இல்லையேல், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். மயங்கிக் கிடப்பவருக்கோ பிதற்றுபவருக்கோ வாயில் எதையும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்தபடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

3. உடை: முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, விரல் மூடிய காலணி, தொப்பி. டெங்கிக் கொசு பகலில் கடிக்கும். கொசு விரட்டும் களிம்பும் தேவை.

4. உணவு: வெயிலில் கெடாதவை. ரொட்டி, கச்சான், வாழைப்பழம் போன்றவை. தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக் பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

5. பணம்: சிறு மதிப்புள்ள அமெரிக்க டாலர் தாள்கள். கிழிந்த தாளை வாங்க மாட்டார்கள். அங்கோர் நுழைவுச்சீட்டு இங்குச் செல்லாது. தனிச்சீட்டு எடுக்க வேண்டும்.

6. பிற: அவரவர் மருந்து, பிளாஸ்டர், கைவிளக்கு, டிஷ்யூ, குப்பைக்கு ஒரு நெகிழிப் பை, குறிப்பேடு, பென்சில். வியர்வையில் நனைந்த தாளிலும் பென்சில் எழுத்துக் கலையாது.

பாதையை விட்டு விலகாமை

கண்ணிவெடியிலிருந்து காக்கும் பொருள் எதையும் பையில் வைக்க முடியாது. போர்க்காலத்தில் புதைக்கப்பட்டவை கம்போடியக் காடுகளில் இன்னும் உள்ளன. மக்கள் செல்லும் கோயில் வளாகங்களில் அவற்றை அகற்றியிருக்கிறார்கள். அதற்கப்பால் உறுதி கூற இயலாது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். படம் எடுக்கவோ ஒதுங்கவோ புதருக்குள் போகாதீர்கள். கழிப்பறை வசதியை வண்டி ஏறும் முன்னரே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கொண்டு வரக்கூடாதவை

பிரசாத் சென் என்னும் கோயிலில் பீமனும் துரியோதனனும் போரிடும் சிற்பத் தொகுதி இருந்தது. 1970-களில் நடந்த போரின்போது கொள்ளையர் சிலைகளை அறுத்தெடுத்துச் சென்றனர். பாதங்கள் மட்டும் பீடத்தில் எஞ்சின. துரியோதனன் சிலை 2011-இல் நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்தது. கம்போடிய அரசு உரிமை கோரிப் போராடியது. பீமனும் துரியோதனனும் 2014-இல்தான் நாடு திரும்பினர். ஆதலால் நினைவுக்காக என்று ஒரு சிறு கல்துண்டைக்கூட எடுத்துப் பையில் போடாதீர்கள். நம் குழுவில் ஒரு தம்பி செதுக்கல் உள்ள துண்டு ஒன்றைக் கையில் எடுத்தான். மற்றவர்கள் எதுவும் சொல்வதற்கு முன், அவனே எடுத்த இடத்தில் வைத்துவிட்டான்.

முடிவுரை

அன்று நான்கு கோயில்களைப் பார்க்காமலேயே திரும்பினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்தத் தங்கை வேனில் தூங்கிக்கொண்டு வந்தாள்; நான் விழித்துக்கொண்டு வந்தேன். பயணப் பொறுப்பை ஏற்போர், குழுவில் வலிமை மிக்கவரை வைத்துக் கணக்கிடாமல், முதலில் களைப்படையக் கூடியவரை மனத்தில் வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதே நான் கற்ற பாடம். அடுத்த கழகப் பயணத்திலும் தண்ணீர்ப் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். இம்முறை அளந்துதான் வாங்குவேன்.