குவாடலூப்பே மாதாவின் முன் ஒரு சத்தியம்

கேள்வி: குடியைக் குறைக்க, அமெரிக்காவில் உள்ள லத்தீன் அமெரிக்கர்களுக்கென்று தனி ஆலோசனை முறை எதற்கு? குடி எல்லோருக்கும் ஒன்றுதானே?

பதில்: குடி ஒன்றுதான், அதற்குத் தள்ளும் காரணங்கள் வேறு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர், ஆங்கிலம் வராமல் அவமானப்படுபவர், ஆவணமில்லாமல் போலீஸுக்கு அஞ்சுபவர்... இவர்களிடம் "வாரத்துக்கு எத்தனை கோப்பை?" என்று மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறையில், ஆலோசகர் அறிவுரையைத் திணிப்பதில்லை. மாறுவதற்கான காரணத்தைக் குடிப்பவரின் வாயிலிருந்தே வரவழைக்கிறார். உளவியலாளர் கிறிஸ்டினா லீயின் குழு அதில் புலம்பெயர்வின் வலியையும் பாகுபாட்டையும் பேசுபொருளாகச் சேர்த்தது. 2019இல் வெளியான அவர்களது ஆய்வின் முடிவு கவனிக்கத்தக்கது: வழக்கமான முறை, மாற்றிய முறை இரண்டிலுமே குடி குறைந்தது. ஆனால் அமெரிக்க வாழ்க்கையோடு அதிகம் ஒட்டாதவர்களுக்கும் பாகுபாட்டை அதிகம் சந்தித்தவர்களுக்கும் மாற்றிய முறை கூடுதலாக உதவியது. எனவே எல்லோருக்கும் அது கட்டாயமில்லை. மிகவும் தனித்துப்போனவருக்கு அவசியம்.

மெக்சிகோ மக்களிடம் 'ஹுரமெந்தோ' என்றொரு வழக்கமும் உண்டு. குவாடலூப்பே மாதாவின் முன், பாதிரியார் சாட்சியாக, குறிப்பிட்ட காலம் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள். நண்பர்கள் ஊற்றிக் கொடுத்தால் "சத்தியம் செய்திருக்கிறேன்" என்று மறுக்கலாம். பொதுவாக யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இந்தக் கவசத்தை மருத்துவர்கள் மதிக்க வேண்டும்.

ஒரே எச்சரிக்கை: நெடுநாள் மொடாக்குடியர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சத்தியம் செய்வதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.