மருவுக்கு வேர் இல்லை

அன்புள்ள தம்பி,

தோல் மருத்துவம் படித்து முடித்துச் சொந்த ஊரில் கிளினிக் திறக்கப் போகிறாய். சொரியாசிஸும் வெண்புள்ளியும் உன் கதவைத் தட்டும் முன்பே மரு வந்து உட்கார்ந்திருக்கும். பள்ளிப் பிள்ளையின் நகக்கண்ணில், பேருந்து நடத்துநரின் உள்ளங்காலில், கல்யாணம் நிச்சயமான பெண்ணின் நெற்றியில். முக்கால்வாசிப் பேர் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "வேரோட எடுத்துடுங்க டாக்டர்."

மருவுக்கு வேர் கிடையாது. மனிதப் பாப்பிலோமா வைரஸ் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியே மேல்தோலின் அடியடுக்குக்குள் நுழைந்து அங்கே அடங்கிக் கிடக்கிறது. செல்கள் மேலேறும்போது தானும் பெருகி, உச்சி அடுக்கில் முழு வைரஸாகி, உதிரும் செதிலோடு வெளியேறுகிறது. இரத்தத்தில் கலப்பதில்லை, குடியிருக்கும் செல்லை வெடிக்க வைப்பதுமில்லை. அதனால்தான் உடலின் எதிர்ப்பாற்றல் மாதக்கணக்கில் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுகிறது. பிளேடால் சீவும்போது தெரியும் கரும்புள்ளிகளை மக்கள் வேர் என்று நம்புகிறார்கள். அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மரு மேல்தோலைத் தாண்டி இறங்குவதில்லை. உள்தோல்வரை தோண்டினால் கூடுதலாக ஒரு வைரஸும் வெளியே வராது, தழும்புதான் விழும். அந்தத் தழும்பு நோய் தந்ததல்ல, நாம் தந்தது. எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதற்கும் ஆழம் காரணமில்லை. சுற்றியுள்ள, பார்வைக்கு நல்ல தோலிலேயே வைரஸ் மிச்சம் இருக்கிறது.

இந்த வைரஸை நேரே கொல்லும் மருந்து நம் கையில் இல்லை என்பதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடு. நாம் செய்வதெல்லாம் இரண்டே: தொற்றிய தோலை அழிப்பது, அல்லது உடலை விழிக்க வைப்பது. குழந்தைகளில் உடல் தானாகவே விழித்துக்கொள்கிறது. 1963-இல் வெளிவந்த ஆய்வொன்றில், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்திருந்தன. வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தோம், உப்பும் மிளகும் போட்டோம், மரு உதிர்ந்துவிட்டது என்று ஒரு பாட்டி சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள். அந்தக் குழந்தைக்கு வலியும் இல்லை, தழும்பும் இல்லை. நம் சிகிச்சை அதைவிட மோசமான முடிவைத் தரக்கூடாது.

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைக்கிறார்களே, அதை மட்டும் கடுமையாகத் தடுத்துவிடு. அவை இரண்டும் சேர்ந்தால் உருவாவது காஸ்டிக் சோடா. மருவில் தொடங்கி எலும்பருகே போய் நிற்கும் புண்ணை அது உண்டாக்கும்.

சாலிசிலிக் அமிலத்தைச் சின்ன மருந்து என்று ஒதுக்காதே. விலை குறைவு, வலி குறைவு, வீட்டிலேயே செய்யலாம். பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, கல்லால் மெல்லத் தேய்த்து, சுற்றுத் தோலில் வாசலின் தடவி, மரு மேல் மட்டும் மருந்து வைக்க வேண்டும். தினமும், 12 வாரம். தேய்க்கும் கல்லை வேறு யாரும் தொடக்கூடாது. இதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். தாளில் எழுதிக் கொடு. 2011-இல் பிரிட்டனில் 240 பேரின் உள்ளங்கால் மருக்களில் 50% சாலிசிலிக் அமிலத்தையும் திரவ நைட்ரஜனையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் முழுதும் குணமானவர்கள் இரண்டு பக்கமும் சுமார் 14% தான். புகை கக்கும் சிலிண்டரைப் பார்த்ததும் நோயாளிக்கு வரும் நம்பிக்கையை இந்த எண்ணோடு வைத்துப் பார்.

குளிர் சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் தோலில் அதைக் கவனித்துச் செய் என்கிறேன். திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. நிறமிச் செல்களோ மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே இறந்துபோகும். மருவைத் தாங்கும் செல்கள் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தால்தான் சாகும். மாநிறத்திலும் கறுப்பிலும் பிறந்த நமக்கு, மரு போகும் முன்பே நிறம் போய்விடுகிறது. புறங்கையில் நாலு வெள்ளை வட்டங்களோடு ஒரு பெண் வீட்டுக்குப் போனால், ஊரார் வெண்குஷ்டம் என்று பேசுவார்கள். அதற்கு மருவே தேவலாம். விரல் பக்கவாட்டில் நரம்பு ஓடுகிறது, நகத்தின் அடியில் நகம் வளரும் பகுதி இருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் கை நிதானமாகவே போகட்டும்.

உள்ளங்காலில் எதையும் கால் ஆணி என்றே சொல்லிக்கொண்டு வருவார்கள், மெடிக்கலில் வாங்கிய கார்ன் கேப்பை ஒட்டியபடியே. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் கிள்ளினால் வலிப்பது மரு. சந்தேகமிருந்தால் சீவிப் பார். ஆணியில் கைரேகை போன்ற தோல் கோடுகள் தொடரும், மருவில் அறுந்துபோகும். சர்க்கரை நோயாளியின் கால் என்றால், உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்காமல் அமிலம் எழுதாதே. வலி தெரியாத காலில் புண் ஆழமாகும்வரை அவருக்கே தெரியாது.

நடுவயதைத் தாண்டியவருக்கு ஒற்றை மரு, எத்தனை வைத்தியத்துக்கும் அடங்கவில்லை, கசிகிறது என்றால், இன்னொரு முறை சுடுவதற்கு முன் பயாப்ஸி எடு. மரு வேடத்தில் புற்றுநோய் வருவது உண்டு. மாறாக, வலைத்தளத்தில் தேடிவிட்டு "இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸ்தானே" என்று அழும் இளம்பெண்ணுக்கு நேரம் கொடு. இந்த வைரஸில் 200-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கைகால் மருவுக்குக் காரணம் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57. அந்தப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் 16-உம் 18-உம்.

முகத்தில் வரும் தட்டை மரு சவரக் கத்தி போகும் வழியிலேயே வரிசையாகப் பரவும். குணமாகும்வரை சவரத்தை நிறுத்தச் சொல், அல்லது மெஷினால் ஒட்ட வெட்டச் சொல். அங்கே சூடு வைக்காமல் ட்ரெடினோயின் கிரீமோடு பொறுமையாக இரு. சில நாள் திடீரென்று எல்லா மருவும் சிவந்து அரிக்கும். நோயாளி பயந்து ஓடி வருவார், மருந்து ஒவ்வாமை என்று நீயும் நினைக்கலாம். பல நேரம் அது உடல் விழித்துக்கொண்டதன் அடையாளம். சில வாரத்தில் தோல் சுத்தமாகிவிடும்.

நிறைய மருக்கள் உள்ளவருக்கு எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தைப் பெரிய மருவுக்குள் செலுத்தும் முறையைக் கற்றுக்கொள். ஊசி படாத தூரத்து மருக்களும் சேர்ந்து மறைவதைப் பார்க்கும்போது இந்த நோயை நீ பார்க்கும் விதமே மாறும். உயிருள்ள தடுப்பூசி என்பதால் கர்ப்பிணிக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும் கூடாது.

கட்டணத்தை மரு எண்ணிக்கைக்கு வைக்காதே. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் காத்திருக்கலாம் என்று சொல்லும் வாய் மெல்ல மூடிக்கொள்ளும்.

காட்டரி மிஷின் வாங்கும்போதே புகை உறிஞ்சும் கருவியையும் சேர்த்து வாங்கு. மருவைச் சுடும் புகையில் வைரஸின் டி.என்.ஏ. இருப்பது நிரூபிக்கப்பட்டது. நீயும் பக்கத்தில் நிற்கும் நர்ஸும் என்-95 முகக்கவசம் இல்லாமல் தொடங்கவே கூடாது. இரண்டு மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன் வந்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்