நற்பேறும் திறனும்

நுழையும்முன்

வென்றவரைப் போற்றுவதும் தோற்றவரைத் தூற்றுவதும் உலக இயல்பு. வெற்றியில் திறனின் பங்கு எவ்வளவு, தற்செயலாக வாய்த்த நற்பேற்றின் பங்கு எவ்வளவு என்று பகுத்துப் பார்ப்போர் சிலரே. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் விளையாட்டில், ஓர் அணியின் பொது மேலாளரை மதிப்பிடும்போது இவ்வினா கூர்மையாக எழுகிறது. ஒருவரின் செயலை நேர்மையாக எடைபோடும் முறையை அவ்விளையாட்டின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

களத்தில் இறங்காத ஆட்டக்காரர்

கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் விளையாட்டாகும். ஓர் அணிக்கு ஒன்பது பேர் களத்தில் நிற்பர். எறியப்படும் பந்தை மட்டையாளர் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். அமெரிக்காவின் முதன்மைப் போட்டித் தொடரில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் முன்னணி பெறும் சில அணிகள் வெளியேற்றுச் சுற்றுகளுக்குச் செல்கின்றன. இறுதியில் நடைபெறும் உலகத் தொடரில் வெல்லும் அணியே வாகை சூடுகிறது.

களத்தில் நடப்பதை அணியின் பயிற்றுநர் நெறிப்படுத்துகிறார். ஆனால் களத்தில் யார் யார் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் பொது மேலாளர். இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்தல், பிற அணிகளோடு வீரர்களை மாற்றிக்கொள்ளுதல், ஊதிய ஒப்பந்தம் செய்தல் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. அவர் ஒரு பந்தைக்கூட எறிவதில்லை, மட்டையைத் தொடுவதுமில்லை. ஆயினும் அணி வென்றால் புகழும், தோற்றால் பழியும் அவரையே சேர்கின்றன. அவர் இன்று தேர்ந்தெடுக்கும் பதினெட்டு வயது இளைஞர் முதன்மை அணியில் ஆடச் சில ஆண்டுகள் ஆகலாம். விதைத்தவர் ஒருவராகவும் அறுப்பவர் வேறொருவராகவும் அமைவது இத்தொழிலில் இயல்பு. எனவே அவரது கணக்கைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று.

ஓக்லாந்தின் வியப்பு

1997ஆம் ஆண்டின் இறுதியில், ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணியின் பொது மேலாளராகப் பில்லி பீன் பொறுப்பேற்றார். பெருவீரராக வருவார் என்று எதிர்பார்க்கப்பட்டு, 1980ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். எனினும் முதன்மைத் தொடரில் அவர் ஆடியவை 148 ஆட்டங்களே. உடற்கட்டையும் தோற்றத்தையும் கண்டு ஒருவரது எதிர்காலத்தைக் கணிப்பது எவ்வளவு பிழையாகக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று.

ஓக்லாந்து பொருள்வளம் குறைந்த அணி. 2002ஆம் ஆண்டில் அவ்வணி வீரர்களின் மொத்த ஊதியம் ஏறத்தாழ 4 கோடி டாலர். அதே ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் அணி 12 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. அதற்கு முந்தைய பருவத்தின் முடிவில், ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன் முதலிய முன்னணி வீரர்கள் மிகுந்த ஊதியம் நாடி ஓக்லாந்தை விட்டு வெளியேறியிருந்தனர். அணி சரியும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 2002ஆம் பருவத்தில் ஓக்லாந்து 103 ஆட்டங்களில் வென்றது. யாங்கீஸ் பெற்றதும் அதே 103 வெற்றிகளே. இடையில் ஓக்லாந்து தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்று அமெரிக்கன் லீக்கில் புதிய சாதனையும் படைத்தது. இவ்வரலாற்றை மைக்கேல் லூயிஸ் 2003ஆம் ஆண்டு ‘மணிபால்’ என்னும் நூலாக எழுதினார். 2011இல் அது திரைப்படமாகவும் வந்தது. பீனின் பெயர் உலகெங்கும் பரவியது.

திறனின் பங்கு

பீனின் வெற்றிக்கு அடிப்படையாக அமைந்த கருத்து எளியது. அக்காலத்தில் மட்டையாளரின் மதிப்பு, அவர் பந்தை அடித்துத் தளத்தை அடைந்த விகிதமாகிய மட்டைச் சராசரியைக் கொண்டே பெரிதும் கணிக்கப்பட்டது. ஆனால் அடிக்காமலும் தளத்தை அடையலாம். எறிபவர் எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறியும்வரை பொறுமையாக நிற்கும் மட்டையாளர், முதல் தளத்துக்குச் செல்லும் உரிமையைப் பெறுகிறார். இவ்விரு வழிகளையும் சேர்த்துக் கணக்கிடுவது தளமடையும் விகிதம். ஓர் அணி எடுக்கும் ஓட்டங்களோடு மட்டைச் சராசரியைவிட இவ்விகிதமே நெருங்கிய தொடர்புடையது என்பதைப் பில் ஜேம்ஸ் முதலிய புள்ளியியல் ஆய்வாளர்கள் முன்பே எடுத்துக்காட்டியிருந்தனர். எனினும் வீரர்களின் ஊதியச் சந்தை அதற்கு உரிய விலை தரவில்லை. பீனுக்கு முன்பு பொது மேலாளராக இருந்த சாண்டி ஆல்டர்சன் தொடங்கிவைத்த இச்சிந்தனையைப் பீன் முழுமையாகச் செயற்படுத்தினார்.

ஸ்காட் ஹேட்டபெர்க் என்னும் வீரர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிப்பவராக ஆடிவந்த அவரால், முழங்கைக் காயத்தால் பந்தை முன்போல் எறிய இயலவில்லை. பிற அணிகள் அவரைப் பொருட்படுத்தாத நிலையில், அவரது பொறுமையையும் தளமடையும் திறத்தையும் கண்ட ஓக்லாந்து குறைந்த ஊதியத்தில் அவரைச் சேர்த்து, முதல் தளக் காவலராக மாற்றியது. பிறர் குறையை மட்டும் கண்ட இடத்தில் நிறையைக் கண்டது திறனேயன்றி வேறில்லை.

நற்பேற்றின் பங்கு

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் காண வேண்டும். அவ்வணியின் வலிமைக்குத் தூண்களாக விளங்கியவர்கள் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி சீட்டோ ஆகிய மூன்று பந்தெறிபவர்களும், மிகேல் டெஹாடா, எரிக் சாவேஸ் ஆகிய மட்டையாளர்களும் ஆவர். இவர்களுள் ஹட்சன், டெஹாடா, சாவேஸ் ஆகிய மூவரும் பீன் பொறுப்பேற்பதற்கு முன்பே அணியின் கைக்கு வந்தவர்கள். 2002இல் அமெரிக்கன் லீக்கின் மிகச்சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டெஹாடாவே. ஆக, பீன் அறுத்த விளைச்சலில் ஒரு பகுதி முன்னவர் விதைத்தது.

103 வெற்றிகள் என்னும் எண்ணையும் சற்று உற்றுநோக்க வேண்டும். ஓர் அணி எடுத்த ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் கொண்டு, அது எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்க வேண்டும் என்று கணிக்கும் வாய்பாட்டைப் பில் ஜேம்ஸ் உருவாக்கினார். 2002இல் ஓக்லாந்து எடுத்தவை 800 ஓட்டங்கள், கொடுத்தவை 654. இதன்படி அவ்வணிக்கு உரியவை ஏறத்தாழ 97 வெற்றிகளே. அதே பிரிவில் ஆடிய அனஹைம் ஏஞ்சல்ஸ் அணி 851 ஓட்டங்கள் எடுத்து 644 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தது. வாய்பாட்டின்படி 103 வெற்றிகள் பெற்றிருக்க வேண்டிய அவ்வணி பெற்றதோ 99. பட்டியலில் ஓக்லாந்து முதலிடமும் ஏஞ்சல்ஸ் இரண்டாமிடமும் பெற்றன. ஆனால் அவ்வாண்டின் உலகத் தொடரை வென்றது ஏஞ்சல்ஸ்!

20ஆவது தொடர் வெற்றியே தற்செயலின் விளையாட்டுக்கு ஒரு சான்று. 2002 செப்டம்பர் 4 அன்று, கான்சாஸ் சிட்டி அணிக்கு எதிராக 11–0 என முன்னிலை பெற்றிருந்த ஓக்லாந்து, அம்முன்னிலை முழுவதையும் இழந்தது. ஆட்டம் 11–11 எனச் சமநிலையில் நின்றபோது, ஹேட்டபெர்க் அடித்த ஒரே அடி எல்லையைக் கடந்து வெற்றியைத் தந்தது.

நற்பேறு சேர்க்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும். 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும் ஓக்லாந்து வெளியேற்றுச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. நான்கு ஆண்டுகளும் ஐந்து ஆட்டங்கள் கொண்ட முதல் தொடரிலேயே 2–3 என்ற கணக்கில் தோற்று வெளியேறியது. 2001இல் முதல் இரண்டு ஆட்டங்களை வென்ற பின், மூன்றாம் ஆட்டத்தில் யாங்கீஸ் வீரர் டெரெக் ஜீட்டர் எங்கிருந்தோ ஓடிவந்து பந்தை எடுத்துத் தட்டிவிட்டார். ஓர் ஓட்டம் தடுக்கப்பட்டது, ஆட்டம் 0–1 எனக் கைநழுவியது, தொடரும் பறிபோயிற்று.

நாணயமும் ஆட்டமும்

இத்தோல்விகளைக் கண்டோர் சிலர், பீன் அமைத்த அணி நீண்ட பருவத்துக்கே ஏற்றது, நெருக்கடியில் வெல்லாது என்று தீர்ப்பளித்தனர். இத்தீர்ப்பை எண்களைக் கொண்டு சோதிக்கலாம். இரு அணிகள் சம வலிமை உடையவை எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்று நான்கு தொடர்களையும் அடுத்தடுத்து இழக்கும் வாய்ப்பு 16இல் 1. அரிதுதான், ஆனால் நடவாதது அன்று. ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60 உடைய வலிய அணியும்கூட, ஐந்து ஆட்டத் தொடரை நூற்றுக்கு 68 முறையே வெல்லும். ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை மெலிய அணியே முன்னேறும்.

நீண்ட பருவமும் தற்செயலுக்கு முற்றும் அப்பாற்பட்டதன்று. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தால், 162 ஆட்டங்களில் ஓர் அணி சராசரியாக 81 வெற்றிகள் பெறும். ஆயினும் மூன்றில் இரு முறைதான் அவ்வெண்ணிக்கை 75க்கும் 87க்கும் இடையில் அமையும். எஞ்சிய முறைகளில் அது இவ்வெல்லையைத் தாண்டும். திறனில் எள்ளளவும் வேறுபாடு இல்லாத அணிகளுள் ஒன்றன் மேலாளர் மேதை என்றும், மற்றொன்றன் மேலாளர் திறனற்றவர் என்றும் பெயர் பெறக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

1941இல் டெட் வில்லியம்ஸ் 0.406 என்னும் மட்டைச் சராசரியைப் பெற்றார். அதன் பின்னர் அமெரிக்கன் லீக்கிலும் நேஷனல் லீக்கிலும் ஒரு பருவம் முழுவதும் ஆடி 0.400ஐ எட்டியவர் எவருமில்லை. வீரர்களின் திறன் குறைந்தது இதற்குக் காரணமன்று. அனைவரின் திறனும் உயர்ந்து ஒருவரை ஒருவர் நெருங்கியதே காரணம் என்று அறிவியலறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் விளக்கினார். போட்டியாளர்களின் திறன் ஒத்த நிலையை அடைய அடைய, முடிவைத் தீர்மானிப்பதில் தற்செயலின் பங்கு மிகுகிறது.

மீண்டும் மீண்டும் காணும் சான்று

ஒருமுறை நிகழ்ந்ததைக் கொண்டு திறனை உறுதி செய்ய இயலாது. சூழல் மாறியும் அது தொடர்கிறதா என்று காண வேண்டும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி பீனைத் தன் பொது மேலாளராக அழைத்தது, அவர் மறுத்தார். அதன்பின் 2002ஆம் ஆண்டின் இறுதியில், 28 வயதே நிரம்பிய தியோ எப்ஸ்டீன் அப்பொறுப்பை ஏற்றார். 2004இல், 86 ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டன் உலகத் தொடரை வென்றது. அவ்வெற்றியும் மயிரிழையில் வாய்த்ததே. யாங்கீஸுக்கு எதிரான தொடரில் 0–3 எனப் பின்தங்கி, நான்காம் ஆட்டத்திலும் தோல்வியின் விளிம்பில் நின்றபோது, டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் தளத்தை ஓடிக் கைப்பற்றிய ஒரு நொடியே எல்லாவற்றையும் மாற்றியது. அவர் அந்நொடியில் பிடிபட்டிருந்தால் எப்ஸ்டீனின் அறிவு குறைந்திருக்குமா?

ஆனால் எப்ஸ்டீனின் கதை அங்கே முடியவில்லை. 2007இல் பாஸ்டன் மீண்டும் வென்றது. பின்னர் அவர் சிகாகோ கப்ஸ் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2012இல் 101 ஆட்டங்களில் தோற்ற அவ்வணி, 2016இல் 108 ஆண்டுகளுக்குப் பின் வாகை சூடியது. வெவ்வேறு அணிகள், வெவ்வேறு வீரர்கள், வெவ்வேறு காலம். எனினும் ஒத்த விளைவு. தற்செயல் ஒருமுறை கைகொடுக்கலாம். இடம் மாறியும் பின்தொடர்ந்து வந்து கைகொடுப்பது அரிது.

நேர்மையான துலாக்கோல்

எல்லாத் தோல்வியையும் நற்பேறின்மை என்று கூறித் தப்புவதும் நேர்மையன்று. 2014ஆம் பருவம் முடிந்ததும் ஓக்லாந்து தன் சிறந்த வீரர்களுள் ஒருவரான ஜாஷ் டொனால்ட்சனை டொராண்டோ அணிக்கு மாற்றிக்கொடுத்தது. இரண்டு ஆண்டுகளாக அவர் சிறப்பாக ஆடிவந்ததும், மேலும் நான்கு ஆண்டுகளுக்கு அவர்மீது அணிக்கு உரிமை இருந்ததும் அன்றே அறியப்பட்டவை. மறு ஆண்டே அவர் அமெரிக்கன் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். ஓக்லாந்தோ 68 வெற்றிகளோடு சரிந்தது. இங்கே குறை முடிவெடுத்ததிலேயே உள்ளது. அன்று கையில் இருந்த சான்றுகளே அம்முடிவுக்கு எதிராக நின்றன.

ஆதலால் ஒரு பொது மேலாளரை எடைபோடுவோர் சில வினாக்களை எழுப்ப வேண்டும். முடிவெடுத்தபோது அவர் அறிந்திருந்தவை எவை? அவற்றைக் கொண்டு அவர் தக்கதைத் தேர்ந்தாரா? அவர் பெற்ற செல்வம் எவ்வளவு, முன்னவர் விட்டுச்சென்றது எவ்வளவு? ஓரிரு தொடர்களிலா, பல பருவங்களிலா அவரது பயன் தெரிகிறது? அவரது வழியைப் பிறர் கற்றுக்கொண்ட பின்னும் அவர் புதுவழி காண்கிறாரா? 2007 முதல் 2011 வரை ஒரு பருவத்திலும் தோல்விகளைவிட மிகுந்த வெற்றிகளைக் காணாத ஓக்லாந்து, 2012இல் 94 வெற்றிகளோடு மீண்டெழுந்தது. இரு காலத்திலும் பொது மேலாளர் ஒருவரே. ஏறிய ஆண்டுகளை மட்டும் எண்ணுவோர் அவரைத் தெய்வமாக்குவர். இறங்கிய ஆண்டுகளை மட்டும் எண்ணுவோர் அவரைப் பழிப்பர். இரண்டையும் சேர்த்து எண்ணுவோரே அவரை அறிவர்.

பந்து எங்கே விழும் என்பது மனிதர் கையில் இல்லை. அது விழக்கூடிய இடத்தில் தக்க ஆளை நிறுத்துவது அவர் கையில் உள்ளது. விளைவைக் கண்டு கைதட்டுவதற்கு முன், அதன் பின்னே நின்ற முடிவைக் காணப் பழகினால், தோற்ற நல்லவரை இழக்கவும் மாட்டோம். வென்ற தகுதியற்றவரைத் தலைமேல் சுமக்கவும் மாட்டோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அணி ஆடிய ஐந்து ஆட்டங்களின் முடிவுகளைத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் திறனால் அமைந்தவை எவை, தற்செயலாக நேர்ந்தவை எவை எனப் பட்டியலிடுக.

2. ஒரு நாணயத்தை 162 முறை சுண்டி, விழுந்த தலைகளின் எண்ணிக்கையைக் குறிக்க. வகுப்பில் உள்ள அனைவரின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணத்தைக் கலந்துரையாடுக.

3. ‘நல்ல முடிவு தீய விளைவைத் தரலாம், தீய முடிவும் நல்ல விளைவைத் தரலாம்’ என்னும் கருத்தை வலியுறுத்தி ஐந்து மணித்துளி உரையாற்றுக.