அம்பாசமுத்திரத்து ஹெரால்டு

பாளையங்கோட்டை

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி நீ வாட்ஸப்பில் அனுப்பிய சேதியை அத்தைதான் வாசித்துக் காட்டினாள். மொத்தம் மூன்று வரி. அம்பாசமுத்திரத்து சார் தவறிப்போனது ஒரு வரி, அவருடைய ஹெரால்டு இரண்டு வரி. “வேற யாராச்சும் தட்டிட்டுப் போறதுக்குள்ள நான் போய்ப் பேசிரட்டுமா மாமா?” என்று முடித்திருந்தாய். போனில் சொன்னால் “சரி மாமா, சரி மாமா” என்பாய், காதில் ஏறாது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை இது. ஹெரால்டு 1961ல் வெளிவந்த வண்டி. நம் வண்டலூரில் செய்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதே கம்பெனியின் கெஸல் வந்ததும் அது நின்றது. எண்பதுகளின் கடைசியில் அந்தக் கம்பெனியே கார் செய்வதை விட்டுவிட்டது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்று ஓடிய அதே ஹெரால்டுதான், ஆனால் நாலு கதவு வைத்தது நம் ஊரில் மட்டும். மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாவற்றையும் சேர்த்து மூக்கோடு முன்பக்கம் கவிழ்கிற பானெட்டு நம் நாட்டில் செய்த வேறு எந்த வண்டியில் உண்டு? முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். அம்பாஸடர் பார்த்துப் பார்த்து இடுப்பொடிந்த எனக்கு, சார் அந்த வண்டியைக் கொண்டுவந்து விட்டாலே அன்றைக்கு லீவு மாதிரி.

அவர் போய் இன்றோடு ஆறு நாள் ஆகிறது.

எடுக்கிற அன்றைக்கே நான் போய்விட்டு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. ஷெட்டுக் கதவு திறந்து கிடந்தது. பந்தல்காரன் கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியின் பின்கதவில் சாய்த்து அடுக்கியிருந்தான். பானெட்டு மேல் இரண்டு மாலை. டாப்பில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று, அடியில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. கைவிரல் ரேகை பட்டால்கூட வேட்டி முனையால் துடைக்கிற மனுஷனின் வண்டி. கேனை மட்டும் இறக்கிக் கீழே வைத்தேன். வேறெதையும் தொடவில்லை. அந்நேரத்திலேயே ஒருத்தன், யாரென்று தெரியவில்லை, ஓரமாக நின்று நம்பர் பிளேட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நீயும் இப்படி ஒருநாள் நின்றவன்தானே என்று மனசு கேட்டது.

அந்தக் கதையை இதுவரை உன் அத்தையிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. 1990 என்று நினைவு. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பருத்தித் தரகர் இறந்துபோனார். அவரிடம் மாரிஸ் மைனர் ஒன்று, கறுப்பு. அஞ்சாம் நாளே ஒரு புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். துட்டி கேட்கிற சாக்கு. ரெண்டு நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்தேன், மூணாவது நிமிஷம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். கதவை விரல்முட்டியால் தட்டி எங்கே பட்டி பார்த்திருக்கிறது என்று கேட்டேன். சேஸிஸ் நம்பரைச் சுரண்டிப் பார்த்தேன். அப்புறம் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். தரகர் குள்ளம். என் முழங்கால் இடித்தது. கை தானாகக் கீழே போய் லிவரை இழுத்தது, சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். கண்ணாடியையும் என் முகத்துக்குத் திருப்பிக்கொண்டேன். மெக்கானிக்குக்கு அது அனிச்சையாக வருகிற பழக்கம்.

வாசற்படியில் அவருடைய தாயார் நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். “அவன் கடைசியா இறங்கிப் போனபடியே இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சீட்டைப் பார்த்துச் சொன்னார். நான் அவசரமாகச் சீட்டை முன்னால் தள்ளினேன். ஆனால் எந்தப் பல்லில் நின்றிருந்தது என்று யாருக்குத் தெரியும்? டாஷ்போர்டில் மடக்கி வைத்த மூக்குக் கண்ணாடியும் பாதி தீர்ந்த பொடி டப்பியும் அதற்குப் பிறகுதான் என் கண்ணில் பட்டன.

அந்த வண்டி எனக்குக் கிடைக்கவில்லை. யாருக்குமே கிடைக்கவில்லை. நாலைந்து வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது ஷெட்டு ஓடு சரிந்து, வண்டிக்குள் கோழி அடைந்திருந்தது. என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் ‘காரை விற்கிறது’ என்ற பேச்சையே அசிங்கமாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வா. உன் பழைய ஃபியட்டை எடுத்துக்கொண்டு வராதே. பாலீஷ் போட்ட அந்த வண்டி வாசலில் நின்றாலே நீ எதற்கு வந்தாய் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நெல்லை எக்ஸ்பிரஸில் வா, இங்கேயிருந்து செங்கோட்டை வண்டியில் ரெண்டு பேருமாகப் போவோம். புரோக்கர், கூட்டாளி ஒருத்தனும் வேண்டாம்.

கையில் என்ன கொண்டுவருவது என்று கேட்பாய். போன வருஷம் நீ அவர் வீட்டுக்குப் போனபோது எடுத்த படங்களை எனக்குக் காட்டினாயே, அதில் ரெண்டைப் பிரிண்ட் போட்டு வா. கார் அழகாக விழுந்த படம் வேண்டாம். அவர் முகம் நன்றாகத் தெரிகிற படம். பானெட்டைக் கவிழ்த்துவிட்டு, டயர் மேல் உட்கார்ந்து உன்னிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாரே, அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குள் போனால் மனுஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார் என்று அவர் வீட்டு அம்மா என்னிடம் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறார். உள்ளே என்ன செய்தார் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு சின்ன வாஷருக்காக மூணு மாசம் காத்திருந்தது, அது கிடைத்த அன்றைக்கு எனக்கு போன் போட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தது, இதெல்லாம் அவர்களுக்குப் புதுச் சேதி. அதைச் சொல்லு. அன்றைக்கு அந்த வீட்டுக்கு நம்மால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும், “போயிட்டு வாரேன்” என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

அவர்களே பேச்சை எடுத்தால்? சாருடைய மருமகன்காரர் பெங்களூரில் இருக்கிறார், கணக்கான ஆள். “உங்களுக்கு இந்த கார் மேல ஆசை உண்டா?” என்று நேரடியாகவே கேட்டாலும் கேட்பார். பொய் சொல்லாதே. முகமே காட்டிக்கொடுத்துவிடும். “ஆசை இருக்கு சார். இன்னைக்கு அதுக்கு வரல” என்றால் போதும்.

அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நீ வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர்களுக்கு உதவும். ஆர்.சி. புக் இறந்தவர் பேரில் இருக்கிறது. வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறவர் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தகவல் கொடுக்க வேண்டும், மூணு மாசத்துக்குள் படிவம் 31 போட்டுப் பேர் மாற்ற வேண்டும். இழவு வீட்டில் இது யாருக்கு ஞாபகம் இருக்கும்? இறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே வாரிசுச் சான்றிதழுக்கும் எழுதிப்போடச் சொல்லு. விற்கிற படிவங்கள் 29, 30 எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்னொன்றையும் நீ மனசில் வைத்துக்கொள். அவர் உயில் எழுதிவைத்ததாக நான் கேள்விப்படவில்லை. உயில் இல்லையென்றால் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூணு பேருக்கும் சம பங்கு, தாயார் உயிரோடு இருப்பதால் அவருக்கும் ஒன்று. மகன் ஒருத்தன் தலையை ஆட்டினான் என்று அட்வான்ஸை நீட்டிவிடாதே. பின்னால் அண்ணன் தங்கைக்குள் மனத்தாங்கல் வந்தால் அது உன் பேரில்தான் வரும்.

இன்னொரு காரியமும் அன்றைக்கே ஆக வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று ஆரம்பிப்பார்கள். ஷெட்டில் மேல்பலகையில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இருக்கிறதே, பார்ப்பதற்குக் குப்பைதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயிண்ட் செட், கேஸ்கெட்டு, ரெண்டு கதவுக் கைப்பிடி, கம்பெனிப் புத்தகம், பழைய பில்கள். முப்பது வருஷச் சேகரிப்பு. காயலான் கடைக்காரன் கிலோக் கணக்கில் வாங்கிப் போய்விடுவான். ட்ரையம்ஃப் சாமான் இங்கிலாந்திலிருந்து இன்றைக்கும் வரவழைக்கலாம், ஆனால் நம் ஊர் நாலு கதவு வண்டிக்கு மட்டுமே உள்ள உறுப்பை எங்கே போய்த் தேடுவது? அந்தப் பலகையைத் தொட வேண்டாம், வண்டியின் விலையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவை. இதனால் உனக்கு விலை கூடும். கூடட்டும். பாட்டரி வயரைக் கழற்றி வைக்கவும், மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடிவிடாமல் இருக்கவும் சொல்லு. பொதிகை மலை ஈரத்துக்கு உள்ளே வேர்த்து, தகரம் துரு ஏறிவிடும். பழைய பருத்தி வேட்டி போதும், அவருடையதே இருக்கும்.

அப்புறம் சும்மா இரு. எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதே. சிலர் தலைத்திவசம் கழியாமல் ஒரு துரும்பை நகர்த்த மாட்டார்கள். சில வீட்டில் ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரிக்கும், அங்கே நீ நாகரிகம் பார்த்து ஒரு வருஷம் ஒதுங்கி நின்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவன் கையில்தான் அந்த வண்டி போகும். சார் பென்ஷன்காரர், வீட்டில் கடன் இருப்பதாகத் தெரியவில்லை. ரெண்டு மாசம் போகட்டும். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது, போன் வேண்டாம். போனில் கேட்டால் உடனே பதில் சொல்லியாக வேண்டும், கடிதத்தை மடித்து வைத்துவிடலாம். “என்றைக்காவது கொடுக்கிற எண்ணம் வந்தால், யாருக்குக் கொடுப்பதானாலும், விலை சரிதானா என்று என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்” என்று எழுது. அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது பேரமாகிவிடும்.

விலை கேட்டால் உள்ளதைச் சொல்லு. உன்னால் முடிந்த தொகை வேறு, வண்டியின் தொகை வேறு. ரெண்டையும் தனித்தனியாகச் சொல்லி, வேறு ரெண்டு பேரிடமும் விசாரித்துக்கொள்ளச் சொல்லு. அடித்தள அவுட்ரிக்கரில் துரு இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி விலை குறைக்கலாம், தப்பில்லை, நிஜமான குறைதான். ஆனால் அந்த அம்மா முன்னால் வண்டியைக் குறை சொல்லாதே, மருமகன்காரரிடம் தாளில் எழுதிக்கொடு. புருஷன் தேய்த்துத் தேய்த்து வைத்ததை ‘ஓட்டை’ என்று கேட்க யாருக்கும் காது வராது. ‘எம்.எஸ்.’ என்று தொடங்குகிற அந்தப் பழைய நம்பர் போய்விடுமோ என்றுதான் அநேகமாகக் கவலைப்படுவார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய, உருமாற்றாத வண்டிக்கு 2021ல் விண்டேஜ் விதி வந்துவிட்டது, ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அதை எடுத்துச் சொல்லு, பாதிக் கவலை தீரும்.

கொடுக்க மாட்டோம் என்றால் என் நம்பரைக் கொடு. மாசம் ஒருதடவை நான் போய் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். எனக்கும் போக ஒரு காரணம் வேண்டாமா?

கொடுக்கிறோம் என்றால், நாளை அவர்கள் குறிக்கட்டும். சங்கிலி போட்டு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதே. பத்து நாள் முன்னாலேயே நான் வந்து பிரேக்கைப் பார்த்து ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருகிறேன். அந்த வாசலை விட்டுத் தன் காலாலேயே இறங்கிப் போகட்டும். கிளம்புவதற்கு முன்னால் குளோவ் பாக்ஸை அவர்கள் கண்ணெதிரே காலி செய்து ஒவ்வொன்றாகக் கையில் கொடு, திருநீற்றுப் பொட்டலம், பெட்ரோல் பில் எதையும் விடாதே. அந்த அம்மாவிடம், ஆற்றுப்பாலம் வரைக்கும் ஒரு சுற்று வருகிறீர்களா என்று கேள். வருவார் என்றுதான் நினைக்கிறேன். இடது பக்கத்துச் சீட்டு அவருடையது.

நீ ஆறடி, சார் உன் தோளுக்கு இருப்பார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். பாலம் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் இடிக்கட்டும்.

இப்படிக்கு
மாமா