ஒரு மேடையோடு ஓய்ந்த 'பிரகாஷ்'

2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில் பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர் 'ராக்' இசையுடன் மேடையேறினர். கிதார் இருவர், டிரம்ஸ் ஒருவர். குழுவின் பெயர் 'பிரகாஷ்'; நமது 'பிரகாசம்' என்னும் சொல்தான் அது. பரிசும் பெற்றனர்.

பின்னர் இணையத்தில் வசையும் மிரட்டலும் குவிந்தன. அன்றைய முதல்வர் ஒமர் அப்துல்லா ஆதரவளித்தார். ஆயினும் 2013 பிப்ரவரியில் தலைமை முஃப்தி பஷீருத்தீன் அகமது, பாடுவது மார்க்கத்துக்கு விரோதம் என்றார். குழு கலைந்தது.

காஷ்மீரத்தில் பெண் பாடுவது புதிதா? பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஹப்பா காதூனின் பாடல்களை இன்றும் பாடுகின்றனர். திருமண வீடுகளில் பெண்கள் கூடி 'வன்வுன்' பாடுவர். வானொலிப் பாடகி ராஜ் பேகம் 2002-இல் பத்மஸ்ரீ பெற்றார். கிதாரும் மேடையுமே புதியவை. கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவிலும், நலங்கில் பாடச் சொல்லும் பெரியவர்களே மேடை என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

மிரட்டியவர்களில் சிலரைப் போலீசார் கைது செய்தனர். அதற்குள் மாணவியர் பாட்டை நிறுத்திவிட்டிருந்தனர்.